ஊட்டிவிட்ட பதினான்கு மாதம்

லியாகத் அலிக்குப் பக்கவாதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. கையிலிருந்த பிரஷ் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் நிமிரவில்லை. அடுப்படியிலிருந்து சாபிரா ஓடிவந்தபோது வாயோரம் நுரையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அது வெறும் பற்பசை நுரைதான் என்று புரிந்துகொள்ளவே அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. வலது கை தொடைமேல் வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டினார். கன்டெய்னரை மேலேயிருந்து கவ்வித் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற பெரிய வண்டி அது. ஐந்தாம் அடுக்கில் வைத்தாலும் நாலு மூலையும் பிசகாமல், சத்தம் வராமல் உட்கார வைப்பார் என்று யார்டில் பேர். லீவரைப் பிடிப்பது வலது கை.

வீட்டில் அவர் கொடுமைக்காரர் இல்லை. குடிக்கமாட்டார், கைநீட்டமாட்டார். வீட்டில் இருக்கமாட்டார், அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து வந்தால் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார், தூங்குவார், எழுந்தால் தெருமுனை டீக்கடையில் இருப்பார். முப்பத்தொரு வருஷமாகச் சமைத்துப் போட்டும், அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சாபிராவுக்குத் தெரியாது. கேட்டால் "எதுனா போடு" என்பார். ஒரே மகள் மஹீன் கல்யாணம் கட்டிக்கொண்டு மணலி புதுநகருக்குப் போனபிறகு, தண்டையார்பேட்டையில் அந்த மாடி வீட்டில் சாபிரா பேசுவதற்கு மிக்ஸியும் டிவியும்தான் இருந்தன.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. கால் முதலில் திரும்பியது, இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வந்தது. கைதான் பின்தங்கியது. பதினாறாம் நாள் காலை வலது கையின் மூன்று விரல்கள் லேசாக மடங்கி, லேசாக விரிந்தன. அதைப் பார்த்துத் துள்ளாத குறையாகச் சந்தோஷப்பட்டது சாபிரா இல்லை, சங்கமித்ரா.

சங்கமித்ரா வியாசர்பாடிப் பெண், முப்பது வயதிருக்கும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று சட்டைப்பையில் குத்தியிருந்த அட்டையில் இருந்தது. அப்படியென்றால் என்ன என்று சாபிரா கேட்டதற்கு, "பிசியோ வந்து உங்க வூட்டுக்காரர நடக்க வெப்பாரு. நான் அவர குளிக்க, துன்ன, சட்டை போட வெக்கிற ஆளு" என்றாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று சாபிராவை எதிரில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள். "மூளைலேர்ந்து கைக்குப் போற வழி அடைச்சிகினு கீதுக்கா. அந்தக் கை எத்தினி தடவ வேல செய்யுதோ, அத்தினி தடவ மூளை வேற வழி தேடும். செய்யலன்னா, அப்டி ஒரு கை கீறதையே மறந்துரும். மொத ஆறு மாசம் ரொம்ப முக்கியம்."

நல்ல கையான இடது கைக்கு ஒரு துணி உறை தைத்துக் கொடுத்தாள். தினம் நாலு மணி நேரம் அதை மாட்டிவிட வேண்டும். அப்போதுதான் வலது கை வேறு வழியில்லாமல் வேலைக்கு வரும். பிடிக்கத் தோதாக ஒரு ஸ்பூனின் காம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தாள். டம்ளர் அடுக்கச் சொல்லுங்கள், துணி கிளிப்பை எடுத்துக் கயிற்றில் மாட்டச் சொல்லுங்கள், சட்டை போடும்போது நோய்ப்பட்ட கையை முதலில் நுழைக்கச் சொல்லுங்கள் என்று தாளில் எழுதியும் கொடுத்தாள். கடைசியாக, "சிந்தட்டும், ஒரு மணி நேரம் ஆவட்டும். ஊட்டி மட்டும் வுடாதீங்கக்கா. பாக்குற உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்" என்றாள்.

நாலு நாள் சாபிரா அப்படியே செய்தாள். ஐந்தாம் நாள் லியாகத் அலியின் அக்கா காத்தூன் பீவி ராயபுரத்திலிருந்து தம்பியைப் பார்க்க வந்தாள். அவள் உள்ளே நுழைந்தபோது அவர் இட்லியோடு போராடிக்கொண்டிருந்தார். இடது கையில் உறை. வலது கை ஸ்பூனைப் பிடித்துத் தூக்கி, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நடுங்கி, சாம்பாரோடு நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. ஒன்றரை இட்லி உள்ளே போயிருந்தது.

"இன்னாடி இது" என்றாள் காத்தூன் பீவி. "நல்லா கீற கையக் கட்டிப்போட்டு, செத்த கையால துன்னு துன்னுன்றியா? கட்டினவ நீ ஒருத்தி எதுக்கு கீற?"

"தெரபி மேடம் அப்டித்தான் சொல்லிச்சி மதினி."

"அவ இன்னா அவனுக்குப் பொண்டாட்டியா?"

லியாகத் அலி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் தாடையில் இறங்கி சாம்பாரோடு கலந்தது. அந்த மனிதர் அழுது சாபிரா பார்த்ததேயில்லை. உறையை அவிழ்த்தாள். முகத்தைத் துடைத்தாள். இட்லியைப் பிய்த்து ஊட்டினாள். ஆறு இட்லி சாப்பிட்டார்.

மறுநாளும் உறையை மாட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தெம்பு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாள். அவரும் கேட்கவில்லை. இடது கையாலாவது சாப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் கக்கூஸுக்குப் போய்க் கழுவுகிற கை அது. அதைச் சோற்றில் வைப்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆக மூன்று வேளையும் சாபிராதான் ஊட்டினாள்.

பிறகு வந்த மாதங்களைப் பற்றித்தான் அவளால் யாரிடமும் பேச முடிந்ததில்லை. அந்த மாதங்களில் சாபிரா சந்தோஷமாக இருந்தாள். அவருக்கு அடிப்பிடித்த சோறு பிடிக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது. நல்லி எலும்பின் மஜ்ஜையை உறிஞ்சும்போது கண்ணை மூடிக்கொள்வார் என்று தெரிந்தது. வெண்டைக்காய் ஆகாது, இத்தனை வருஷம் அதை வாய்பேசாமல் விழுங்கியிருக்கிறார். ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் முகத்தைப் பார்த்து வாய் திறந்தார். மென்று முடிக்கிற வரைக்கும் எங்கேயும் எழுந்து போகமாட்டார் என்பதால், அவள் பேசினாள். தான் பத்தாவதில் கணக்கில் முதலாவதாக வந்ததைச் சொன்னாள். கல்யாணத்தன்று செருப்பு தொலைந்ததைச் சொன்னாள். அவர் சிரித்தார், பாதி வாய்தான் சிரித்தது. குளிப்பாட்டினாள், தலை வாரினாள், பொத்தான் போட்டுவிட்டாள். சாபிரா மாதிரி ஒருத்தி கிடைக்கணும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கும் வந்தது.

சில சமயம் வலது கை மெல்ல நகர்ந்து தட்டின் விளிம்பைத் தொடும். "நீங்க சும்மா இருங்க, நான்தான் தரேன்ல" என்று அதை எடுத்து மடியில் வைப்பாள். "விடு" என்பார். நோயின் மேல் இருக்கிற கோபம் என்று நினைத்துக்கொள்வாள். நாள் ஆக ஆக அந்தக் கை தட்டுக்கு வருவது குறைந்தது. "விடு" என்பதும் நின்றது.

மூன்றாம் மாதம் சங்கமித்ரா தேடிக்கொண்டு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்ன நாட்களில் இவர்கள் போகவில்லை. ஆளைக் காணோமே என்று டியூட்டி முடிந்து வந்திருந்தாள். சாபிரா கதவைப் பாதி திறந்து வாசலிலேயே நின்றாள்.

"அவரு தூங்குறாரும்மா."

"பரவால்லக்கா. டெய்லி பண்றாரா?"

"பண்றாரு. நல்லா வருது."

சங்கமித்ராவின் கண் உள்ளே ஆணியில் தொங்கிய துணி உறைமேல் போயிற்று. "உறை புதுசாவே கீதே" என்றாள்.

"துவைச்சுப் போட்டேன்."

உள்ளேயிருந்து லியாகத் அலி இருமினார். தூங்குகிறவரின் இருமல் இல்லை அது. சங்கமித்ரா சாபிராவின் முகத்தைப் பார்த்து, "எதுனா வேணும்னா போன் பண்ணுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். யார் என்று அவர் கேட்டபோது, பக்கத்து வீட்டம்மா என்று சாபிரா சொன்னாள். அவர் மேலே கேட்கவில்லை.

அடுத்த வருஷம் நவம்பர் கடைசியில், அவள் ஊட்டத் தொடங்கிய பதினான்காவது மாதத்தில், மஹீனுக்கு இடுப்பு வலி கண்டது. சாபிரா காலை ஏழு மணிக்கே கணவருக்கு ஊட்டிவிட்டு, மதியச் சோற்றை டிபன் பாக்ஸில் போட்டு மேஜைமேல் வைத்தாள். இரண்டு மணிக்குள் வந்து ஊட்டிவிடலாம் என்ற கணக்கு. மணலி புதுநகரில் பேத்தி பிறந்தது பதினொரு மணிக்கு. ஒரு வாரமாக விட்டு விட்டுப் பெய்த மழை பன்னிரண்டுக்கெல்லாம் கொட்டத் தொடங்கியது. நிரம்பிய ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். வழியில் சடையங்குப்பம் பக்கம் ரோட்டின் மேல் இடுப்பளவு தண்ணீர் போகிறது, பஸ் இல்லை, ஆட்டோ இல்லை.

போன் செய்தாள். "சரி... சரி" என்றார். காத்தூன் பீவிக்குப் போன் செய்தாள். அவள் தெருவிலும் முழங்கால் தண்ணீர். சாயந்திரம் அவளே திரும்பக் கூப்பிட்டு, "பேசிட்டேன். சாப்ட்டேன்னு சொன்னான்டி, நீ பேஜாராவாத" என்றாள். கீழ் வீட்டுக்காரர்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை ஒரு டிராக்டரில் ஏறி, பாதி தூரம் நடந்து, சாபிரா வீடு சேர்ந்தபோது மணி பதினொன்று.

கதவு தாழிடாமல் இருந்தது. லியாகத் அலி கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். லுங்கியை ஒரு கையால் கட்டத் தெரியாமல் வெறுமனே சுற்றிக்கொண்டு, நுனியை இடது கையால் பிடித்திருந்தார். டிபன் பாக்ஸ் நசுங்கிக் கிடந்தது. முழங்காலுக்கிடையில் வைத்து மூடியைத் திறக்கப் பார்த்து, முடியாமல் ஜன்னல் கம்பியில் அடித்திருக்கிறார். திறந்ததும் பாதிச் சோறு தரையில் கொட்டிவிட்டது. மீதியை வலது கையால் எடுக்கப் பார்த்திருக்கிறார். அந்தக் கை இப்போது விரியாத முஷ்டி. கட்டை விரல் உள்ளே மாட்டிக்கொண்டிருக்க, விரல் முட்டிகளில் சோற்றுப் பருக்கைகள் காய்ந்து ஒட்டியிருந்தன. உதட்டிலும் கன்னத்திலும் நாலைந்து பருக்கைகள். இருபத்தெட்டு மணி நேரத்தில் அவர் சாப்பிட்டது அவ்வளவுதான்.

"வரல" என்றார். "கை... வரல."

சாபிரா அந்த முஷ்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிரித்துப் பார்த்தாள். பிரியவில்லை. வலித்து அவர் முனகினார். தினம் சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். எப்போது இப்படி மூடிக்கொண்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவரை அழைத்துக்கொண்டு சங்கமித்ராவிடம் போனாள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. முழங்கை எவ்வளவு நீளுகிறது, விரல் எவ்வளவு திறக்கிறது என்று அளந்தாள். ஒவ்வொரு விரலாக மெதுவாக நீவி விரித்து, உள்ளங்கையில் நகம் பதிந்த இடத்தில் மருந்து தடவினாள். விரல்கள் மேலும் சுருங்காமல் இருக்க, கையை வைத்துக் கட்ட ஒரு பட்டை செய்து கொடுத்தாள். லியாகத் அலியை வேறு அறைக்கு அனுப்பியபிறகு சாபிரா கேட்டாள்.

"அப்பவே நீ சொன்ன மாரி செஞ்சிருந்தா வந்திருக்குமா?"

"அத யாராலயும் உறுதியா சொல்ல முடியாதுக்கா. சிலருக்கு வரும், சிலருக்கு வராது."

"அவருக்கு?"

சங்கமித்ரா பழைய நோட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினாள். "அவருக்கு விரல் ஆடிச்சி. டம்ளர் புடிச்சாரு. வூட்டுக்குப் போறப்ப ரெண்டு டம்ளர் அடுக்கினாரு. எழுதி வெச்சிருக்கேன்." நோட்டை மூடினாள். "துன்றதுக்காவது அந்தக் கை ஒதவியிருக்கும்னு அப்ப நெனச்சேன். பொய் சொல்ல இஷ்டமில்லக்கா, நீங்க கேட்டதால சொல்றேன்."

சாபிரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

"நான் அவருக்கு ஒண்ணும் கெட்டது நெனைக்கலம்மா."

"தெரியும்க்கா. நெறைய வூட்ல இப்டித்தான் ஆவுது. பாசத்துல ஆவுது."

பாசம் மட்டும் இல்லை என்று சாபிராவுக்குத் தெரியும்.

இனி அந்தக் கை பெரிதாகத் திரும்பாது, இருக்கிற ஒரு கையோடு வாழப் பழக்கலாம் என்றாள் சங்கமித்ரா. வாரம் இரண்டு நாள் போனார்கள். லுங்கியை விட்டு எலாஸ்டிக் வைத்த பைஜாமாவுக்கு மாறினார். ஒரு கையால் சட்டை போடப் பழகினார், முதலில் கால் மணி நேரம், பிறகு ஆறு நிமிஷம். ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்தினால் ஒரு கையால் நறுக்கலாம் என்று சங்கமித்ரா காட்டினாள். வலது முஷ்டியை பிரெட் பாக்கெட்டின்மேல் பாரமாக வைத்து, இடது கையால் பிரிக்கக் கற்றுக்கொண்டார். முப்பது டன் கன்டெய்னரை மேலே நிறுத்திய கைக்கு இப்போது இதுதான் வேலை.

சாப்பாடுதான் தகராறு. இடது கையால் மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். கடைசியில் பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் அவரே போய்க் கேட்டார். "நோயாளிக்கு அதுல ஒரு குத்தமும் இல்ல பாய். பிஸ்மி சொல்லி சாப்டுங்க" என்று ஹஜ்ரத் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இடது கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். ஸ்பூனை எடுத்து, சாபிராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப டிரெய்னிங் உங்களுக்குத்தான்க்கா" என்று சங்கமித்ரா முன்பே சொல்லியிருந்தாள். "அவரு சாப்டுறப்ப வெளிய போய் நில்லுங்க. கூப்ட்டா மட்டும் உள்ள போங்க." சாபிரா மாடிப்படியில் போய் நின்றாள். ஸ்பூன் விழுகிற சத்தம் கேட்டது. எடுக்கிற சத்தம் கேட்டது. மறுபடி விழுந்தது. அவள் கைகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அவர் கூப்பிடவில்லை. அன்றைக்கும் கூப்பிடவில்லை, அதற்கப்புறமும் கூப்பிடவில்லை.

யார்டில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. பேத்தியைப் பார்க்கப் பஸ்ஸில் போகும்போது யார்டு இருக்கிற பக்கம் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். மணலியில் குழந்தையை மடியில் வைத்தால், "தூக்கணும்" என்பார். மஹீன் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, இடது கையால் அணைப்பார். அவராகத் தூக்கியதில்லை. அப்போதெல்லாம் சாபிரா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டார். அன்றைக்கு மழைத் தூறல், படியில் நிற்க முடியாமல் சாபிரா உள்ளேயே இருந்தாள். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அந்தத் தெரபிப் பொண்ணு ஒருநாள் வூட்டுக்கு வந்திச்சி. நீங்க தூங்குறீங்கன்னு பொய் சொல்லி அனுப்பிட்டேன்."

"தெரியும்" என்றார் திரும்பாமலே. "தூங்கல... நான்."

"அப்பறம் ஏன் ஒரு கொரல் குடுக்கல?"

ஸ்பூனைத் தட்டில் வைத்தார்.

"நல்லா... இருந்துச்சி."

"இன்னா நல்லா இருந்துச்சி?"

"நீ... ஊட்டினது. பேசினது." மூச்சு வாங்கினார். "கைதானே... எங்க போவப் போவுது... அப்பறமா பாக்கலாம்னு... இருந்தேன்."

தன் தலையில் மட்டும் இருந்த குற்றத்தில் பாதியை அவர் எடுத்துக்கொண்டால் பாரம் குறையும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சாபிரா நம்பியிருப்பாள். குறையவில்லை. அதுவரை தன்மேல் மட்டும் கோபம் இருந்தது, இப்போது அவர்மேலும் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கையைத் தொலைத்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகத் தொலைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் இரண்டு கையும் நன்றாக இருந்ததே, அப்போது பார்த்திருக்கலாமே என்று நினைத்தாள்.

லியாகத் அலி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாங்கிக்கொள்ள நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிப் போனார்.

அவர் கால் இழுபடும் ஓசை படியிறங்கித் தெருவில் தேய்கிற வரைக்கும் இருந்துவிட்டு, சாபிரா எழுந்து தட்டை எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் எண்ணெய் அப்படியே இருந்தது. மறுபடி கழுவி, அவர் வைத்திருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள்.